பாடலும் ஓர் அமானிதம்

ஈகை என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் எழுபவை நெல்லும் பொன்னும் ஆடையுமே. இவற்றை ஈந்தவன் கையில் அவ்வளவு குறைகிறது. ஏற்றவன் கையில் அவ்வளவு கூடுகிறது. பாடலை ஈவதில் இந்தக் கணக்குச் செல்லாது. நாம் நெஞ்சில் வைத்துப் போற்றும் ஒரு பாடலை நண்பருக்குச் சொல்லிவிட்ட பிறகும் அது நம்மிடமே இருக்கிறது. குறைவதில்லை; தேய்வதுமில்லை. அவ்வாறாயின், இழப்பே இல்லாத ஒன்றைக் கொடுப்பதைக் கொடை என்று சொல்லலாமா? நமக்குப் பிடித்ததைப் பிறர் செவியில் இடுவது அன்பின் செயலா? அன்றி, நமது சுவை எத்தகையது பாரீர் என்று காட்டிக்கொள்ளும் முகஸ்துதியின் ஒரு வேடமா?

இது சிறிய வினாவாகத் தோன்றும். ஆயினும் நட்பு என்பது பெரும்பாலும் இத்தகைய சிறிய கொடுக்கல் வாங்கல்களாலேயே வளர்கிறது. அவற்றாலேயே வாடியும் போகிறது. ஆதலின் இதனைச் சற்று நின்று ஆராய்வது வீணாகாது. இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேற்றுமையை வாசகர்கள் அறிவார்கள். அந்த வழக்கை நாம் ஈண்டு எடுக்கவில்லை. சொல்லும் பொருளுமாகிய பாடலைப் பற்றியே பேசுகிறோம்.

ஸஹீஹ் முஸ்லிமில், கவிதை பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஷரீத் (ரலி) என்னும் தோழர் ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாகனத்தில் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து செல்கிறார். உமைய்யா இப்னு அபிஸ்ஸல்த்தின் கவிதைகளில் ஏதேனும் தெரியுமா என்று பெருமானார் வினவுகிறார்கள். தெரியும் என்கிறார் தோழர். சொல்லுமாறு பணிக்கிறார்கள். அவர் ஒரு பைத்தைச் சொல்கிறார். மேலும் சொல்லச் சொல்கிறார்கள். மற்றொன்று சொல்கிறார். மீண்டும் அதே பணிப்பு. இவ்வாறே அவர் நூறு பைத்துகள் சொல்லி முடிக்கிறார்.

உமைய்யா தாயிஃப் நகரத்துக் கவிஞர். இறைவன் ஒருவனே என்பதையும் மறுமையையும் பாடியவர். ஆயினும் இஸ்லாத்தை ஏற்காமலே மறைந்தவர். அவருடைய பாடல்களைக் கேட்பதற்குப் பெருமானாரின் செவி மூடிக்கொள்ளவில்லை. இந்த நிகழ்ச்சியிலிருந்து கவிதை கேட்பது ஆகும் என்ற சட்டத்தை எடுப்போர் உளர். நாம் அதற்குள்ளே இருக்கும் ஓர் அதபையும் காண்கிறோம். கேட்டவர் கேட்க விரும்பினார். பாடியவர் வலியச் சென்று பாடவில்லை. எந்தக் கவிஞரின் பாடல் வேண்டும் என்ற எல்லையைக் கேட்பவரே வகுத்தார். ஒவ்வொரு பைத்தின் முடிவிலும் மேலும் வேண்டும் என்ற சொல் கேட்பவரின் வாயிலிருந்தே வந்தது. நூறு பைத்துகளும் ஒரே மூச்சில் கொட்டப்பட்டவை அல்ல. நூறு முறை விரும்பிப் பெறப்பட்டவை.

ஒரு பொருளை வகுத்துக்கொண்டு அதன்கீழ்ப் பாடல்களைத் தேர்ந்து கொடுக்கும் கலையை அரபு மக்கள் பெருங்கலையாகவே வளர்த்தனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ தம்மாம் குராசானிலிருந்து திரும்பும் வழியில், ஹமதான் நகரில் பனி வழியை அடைத்துவிட்டது. தங்க இடம் அளித்தவர் வீட்டில் நல்ல நூலகம் இருந்தது. பனி உருகும்வரை அங்கிருந்த கவிதைகளைப் படித்து, தேர்ந்து, வகை பிரித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அவ்வாறு பிறந்ததே பல மதரஸாக்களில் பாடநூலாக விளங்கும் ‘ஹமாஸா’. வீரம், இரங்கல், ஒழுக்கம், காதல் எனத் தொடங்கும் பத்துப் பிரிவுகளை உடையது அது. அவற்றுள் ஒன்று பயணமும் உறக்கக் கலக்கமும் பற்றியது. அபூ தம்மாம் தாமே பெருங்கவிஞர். ஆயினும் அவர் இயற்றிய கவிதைகளைவிடத் தேர்ந்த கவிதைகளிலேயே அவருடைய கவித்துவம் மிகுதி என்று அறிஞர்கள் சொல்லி வந்துள்ளனர். தேர்வதும் ஒருவகைப் படைப்பே என்பது இதனால் விளங்கும்.

நம் தமிழிலும் இதற்கு நிகர் உண்டு. ‘புறத்திரட்டு’ என்னும் தொகை நூல் பழம்பாடல்களைத் திருக்குறளின் அதிகாரங்களைப் போன்ற தலைப்புகளின்கீழ் அடுக்கித் தருவது. தொகுத்த பெருமகனார் தம் பெயரைக்கூட அதில் பொறிக்கவில்லை. முத்தொள்ளாயிரத்தில் இன்று நமக்குக் கிடைக்கும் பாடல்கள் பெரும்பாலும் அவர் எடுத்துவைத்தவையே. ‘தகடூர் யாத்திரை’ என்ற நூல் முழுமையாக மறைந்துவிட்டது. எஞ்சிய பாடல்களில் பலவற்றைக் காத்தது அந்தத் திரட்டே. தகடூர் என்பது இன்றைய தருமபுரி; 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர். நம் மண்ணின் போர்க்கதையில் சில பாடல்களாவது நமக்கு எஞ்சியிருப்பதற்கு, முகமறியாத ஒருவர் தமக்குப் பிடித்தவற்றைத் தலைப்பிட்டு எடுத்துவைத்த செயல் காரணமாயிற்று.

ஆனால் நூலுக்காகத் தொகுப்பது வேறு. நண்பருக்காகத் தேர்வது வேறு. நூல் எல்லாரையும் நோக்கியது. நண்பரோ ஒருவர், அவருக்கு ஒரு நெஞ்சம், அதற்குள் ஒரு காலம், ஒரு காயம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் நட்பின் கடமைகளுக்கு ஒரு பாகமும், பாடல் கேட்டலின் ஒழுக்கங்களுக்கு ஒரு பாகமும் வகுத்துள்ளார்கள். இரண்டும் அந்நூலின் இரண்டாம் காற்பகுதியிலேயே அமைந்துள்ளன. பாடல் நெஞ்சில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதில்லை. இருப்பதை அசைக்கிறது என்பது இமாமவர்கள் வலியுறுத்தும் கருத்து. கேட்டலுக்குக் காலமும் இடமும் உடனிருப்போரும் பொருந்தவேண்டும் என்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் நெறியையும் அங்கே விளக்குகிறார்கள்.

அப்பாகத்தில் ஒரு சுவையான செய்தி வருகிறது. ஒரு வணிகன் வெள்ளரிக்காய் பத்து ஒரு காசு என்று கூவி விற்கிறான். அதனைக் கேட்ட சூஃபிப் பெரியார் ஒருவர் தம்மை மறந்து அலறிவிடுகிறார். வெள்ளரியைக் குறிக்கும் ‘கியார்’ என்ற அரபுச் சொல்லுக்கு நல்லோர் என்ற பொருளும் உண்டு. நல்லோரே பத்துப் பேர் ஒரு காசு என்றால் தீயோரின் விலை என்னாகும் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. கூவியவன் நெஞ்சில் இருந்தது வியாபாரம். கேட்டவர் நெஞ்சில் இருந்தது மறுமை. ஒரே சொல் இரண்டு செவிகளில் இரண்டு உலகங்களைத் திறந்தது. சந்தைக் கூவலே இவ்வாறு செய்யுமாயின், தேர்ந்தெடுத்த பாடல் என்ன செய்யாது? நமக்கு மகிழ்ச்சி தந்த பாடல் நண்பரின் நெஞ்சில் ஆறாத புண்ணைத் தொட்டுவிடக் கூடும். நமக்கு உறைக்காத ஓர் அடி அவருக்கு வாழ்நாள் ஆறுதலாகவும் கூடும். ஆகையால்தான் இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ள இயலவில்லை. ஒருவர் தம் செவியை நம்மிடம் ஒப்படைக்கும்போது, அது அமானிதமாகிறது.

இதனை நாம் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சிற்றூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நம் நெடுநாள் நண்பர். மாதம் ஒருமுறை சந்திப்பது வழக்கம். அவர் நம்மை ஹஜ்ரத் என்பார். நாம் அவரைப் புலவர் ஐயா என்போம். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. பெறுகிறவர் பொருளைச் சொல்லவேண்டும். தருகிறவர் மூன்றே பாடல்களைக் கொண்டுவரவேண்டும். அடுத்த மாதம் முறை மாறும்.

2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சேலம், நாமக்கல் சமவெளி முழுவதும் கிணறுகள் வாய் பிளந்து கிடந்தன. அப்போது அவர் கொடுத்த பொருள் மழை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மழை வேண்டி நின்ற திருமுகத்தைக் காணும்போது அபூதாலிபின் கவிதை தம் நினைவுக்கு வரும் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் புகாரியில் உள்ளது. அந்தக் கவிதையை அவருக்குச் சொல்லி, மழைத் தொழுகையில் இமாம் தம் மேலாடையைப் புரட்டிப் போட்டுக்கொள்வதையும் விளக்கினோம். அடுத்த மாதம் நாமும் அதே பொருளையே கேட்டோம். அவர் நூல் எதையும் எடுத்துவரவில்லை. பஞ்ச காலத்தில் ஊர்ப் பெண்கள் வீடுவீடாகச் சென்று மழைச்சோறு வாங்கி, ஒன்றாக இருந்து உண்டு, வானத்தை நோக்கி முறையிட்டுப் பாடும் வழக்கத்தைச் சொன்னார். தம் பாட்டியார் பாடிய ஒரு பாட்டை, குரல் தளதளக்கப் பாடியும் காட்டினார். நிலமும் கிணறும் உடைய வீட்டுப் பெண்ணும் அன்று பிச்சைக்காரியாகவே நிற்பாள் என்றார். ஆடையைப் புரட்டுவதற்கும் சோற்றுக்குக் கையேந்துவதற்கும் இடையே உள்ள உறவை நாம் அன்றே உணர்ந்தோம். அவர் வழிபாடு வேறு, நம் வழிபாடு வேறு. ஆயினும் தன் கையில் ஒன்றுமில்லை என்று மனிதன் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றாகவே இருந்தது. பொருளை ஒன்றாக வைத்ததனாலேயே இந்த ஒற்றுமை புலப்பட்டது. தனித்தனியே கேட்டிருப்பின் ஒன்று கிதாபாகவும் மற்றொன்று நாட்டுப்புறப் பாட்டாகவும் பிரிந்தே நின்றிருக்கும்.

சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய தாயார் காலமானார்கள். நாற்பது நாட்கள் கழிந்தபின் பொருள் சொல்லும் முறை அவருக்கு வந்தது. தாய் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தோம். அவர் பயணம் என்றார். அதற்கு மேல் நாம் ஒன்றும் வினவவில்லை. ஹமாஸாவின் அந்தப் பயணப் பிரிவிலிருந்து மூன்று சிறு பாடல்களைத் தமிழில் பெயர்த்துச் சொன்னோம். இரவெல்லாம் ஒட்டகத்தின்மீது சென்று, உறக்கத்தில் தலை சாய்ந்து சாய்ந்து நிமிரும் வழிப்போக்கர்களைப் பற்றியவை அவை. கேட்டு முடித்தவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “எங்கள் அண்ணன் லாரி ஓட்டினவர். அவர் வடக்கே லோடு ஏற்றிப் போன இரவுகளில் அம்மா வாசல் விளக்கை அணைக்கவே மாட்டார்கள், ஹஜ்ரத். வழியில் அவர் கண்ணயர்ந்துவிடக் கூடாதென்று இவர்கள் இங்கே விழித்திருப்பார்கள்” என்றார். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் எத்தனையோ தாய்மார்கள் இவ்வாறு விழித்திருந்திருப்பார்கள். அரபுப் பாலைவனத்து உறக்கக் கலக்கம் ஒரு தாயின் உறக்கமின்மையைப் பேசவைக்கும் என்று நாம் எண்ணியிருக்கவில்லை.

பொருளைக் குறித்துக்கொண்டு பாடல் பகிர்வதன் பயன் இங்கே வெளிப்படுகிறது. பொருள் என்பது ஒரு திரை. நேரே சொல்ல முடியாத துயரத்தைக் கேட்பவர் அத்திரைக்குப் பின்னே நின்று கேட்கிறார். நேரே தொடக் கூசும் ஆறுதலைத் தருபவரும் திரைக்கு இப்பால் நின்றே தருகிறார். எது வரை திரையை விலக்குவது என்பது துயரம் உடையவரின் உரிமை. தாயைப் பற்றிய இரங்கற்பாக்களை நாம் அன்று அடுக்கியிருந்தால் அவை உயர்ந்த பாக்களாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அவர் கதவைத் திறப்பதற்கு முன் நாம் உள்ளே நுழைந்தவர்கள் ஆகியிருப்போம்.

சுவை மிக்கவர்களுக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. ரசிகமணி டி.கே.சி. அவர்களைத் தமிழுலகம் மறக்காது. ராஜாஜியும் கல்கியும் அவருடைய நண்பர்கள். சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர் ராஜாஜி. அந்த ஆசிரமத்தில் உடனிருந்து உழைத்தவர் கல்கி. திருநெல்வேலியில் டி.கே.சி. இல்லத்து வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்த மாலைகள் தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவை. ஒரு பாடலை மீண்டும் மீண்டும் சொல்லி அதன் உயிரை எதிரிலிருப்பவர் உணரச் செய்வதில் அவருக்கு நிகர் அவரே. ஆயினும் தம் உள்ளம் ஒப்பாத கம்பன் பாடல்களை விலக்கியும் சொற்களைத் திருத்தியும் அவர் பதிப்பித்ததை அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. பாடலின்மீது கொண்ட காதல் முற்றும்போது, பாடல் நம் சொத்து என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிறகு கேட்பவரின் உணர்ச்சியும் நம் சொத்து என்று எண்ணத் தொடங்குகிறோம். நாம் கண்ணீர் விட்ட இடத்தில் அவரும் கண்ணீர் விடவேண்டும். இல்லையேல் அவர் சுவையறியாதவர்! இவ்வாறு தீர்ப்புச் சொல்லும்போது நண்பர் மறைந்து, நாம் நம்மைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி ஒன்றே எதிரில் நிற்கிறது.

தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவரின் ஈமான் நிறைவுறாது என்பது நபிமொழி அன்றோ, நமக்குப் பிடித்ததையே நண்பருக்கும் கொடுப்பதில் குறை என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வியே. அந்த ஹதீஸின் ஓர் அறிவிப்பில், நன்மையிலிருந்து என்ற சொல் சேர்ந்து வருகிறது. நஸாயீயில் இதனைக் காணலாம். சகோதரனுக்கு நாம் விரும்பவேண்டியது அவனுக்கு நன்மையானதை. நம் நாக்கின் சுவையை அன்று. நமக்கு நன்மை செய்தது ஒரு பாடல் என்றால், அதேபோல் அவருக்கு நன்மை செய்யும் பாடல் எது என்று தேடுவதே அந்த நபிமொழிக்குச் செய்யும் மரியாதை. அது நமக்கு அவ்வளவாகப் பிடிக்காத பாடலாகவும் இருக்கலாம்.

ஒலிநாடாக்கள் வழங்கிய நாட்களை நம் தலைமுறையினர் நினைவு கூர்வார்கள். 1980களில் சேலம், நாமக்கல் போன்ற ஊர்களின் கடைவீதிகளில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்தன. தாளில் பாடல்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஒலிநாடாவில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். பாடல் ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றால், பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினான்கு. நண்பனுக்கென்று ஒரு நாடா பதிபவன் பதினான்கு முறை அவனை நினைக்கவேண்டியிருந்தது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுப்பது என்பதே பெரும்பாடு. அக்காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பையும் தமிழகம் ஆவலுடன் கேட்டது. ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியில் ஒரு கதையின் உணர்ச்சிக்கு ஏற்பப் பாடல்கள் கோக்கப்பட்டு வந்தன. பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல் நம் வீட்டாரின் குரல்போல் ஆயிற்று. ஒரு பாடல் எந்த இடத்தில், எதற்குப் பிறகு வரவேண்டும் என்ற நயத்தை அவர்களிடம் கற்றவர் பலர்.

இன்றோ கைப்பேசியில் ஒரு தொடுதலில் நாற்பது பாடல்களை நாற்பது பேருக்கு அனுப்பிவிடலாம். வசதியை நாம் பழிக்கவில்லை. துபாயில் இருக்கும் மகனுக்கு ஆத்தூரில் இருக்கும் தாய் ஒரு முனாஜாத்தை நொடியில் அனுப்ப முடிவது அருட்கொடையே. ஆயினும் அனுப்புவது எளிதான அளவுக்குத் தேர்வது அரிதாகிவிட்டது. நாற்பதும் கேட்கப்படாமலே கிடக்கின்றன. அனுப்பியவருக்குக் கொடுத்த நிறைவு. பெற்றவருக்குக் கேட்கவில்லையே என்ற கடன். கொடை கடனாக மாறுவது நட்புக்கு நலமன்று.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பாடலைக் கொடுப்பவன் எதை இழக்கிறான்? தகடூர் அதியமானை நினைத்துப் பார்ப்போம். அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தான். கொடுத்ததை எல்லாரும் போற்றுகிறார்கள். புறநானூறு அதனினும் நுண்ணிய ஒன்றைக் காட்டுகிறது. அக்கனியின் சிறப்பைத் தன் உள்ளத்திலேயே அடக்கிக்கொண்டு, வாய்திறவாமல் அவன் கொடுத்தான். இது எத்தகைய கனி தெரியுமா என்று முன்னுரை கூறவில்லை. கனியை இழந்ததோடு, கனியைப் பற்றிப் பேசும் இன்பத்தையும் இழந்தான்.

பாடலை ஈபவன் இழக்கவேண்டியதும் இதுவே. பாடல் நம்மிடம் இருக்கும். அதற்கு நாம் வைத்திருந்த பொருள் மட்டுமே சரி என்ற உரிமை போய்விடவேண்டும். அது கனத்த இழப்பு. பொன்னைக் கொடுப்பவர்களாலும் எளிதில் கொடுக்க முடியாத ஒன்று. அந்த இழப்புக்கு உடன்படுபவனின் செயல் ஈகை. உடன்படாதவனின் செயல் முகஸ்துதி. இரண்டிலும் பாடப்படுவது ஒரே பாடலாக இருக்கலாம். நிய்யத்து வேறு.

ஆகவே, நண்பரிடம் முதலில் பொருளைக் கேட்போம். குறைவாகத் தேர்வோம். புகழ்ந்துரைக்காமல் கொடுப்போம். கேட்ட பின் அவர் முகத்தை ஆராயாமல், அவர் பேசினால் கேட்போம். பேசாவிடில் அம்மௌனத்தையும் மதிப்போம். மேலும் வேண்டும் என்று அவர் சொல்லும்போது அடுத்ததைச் சொல்வோம். அச்சொல் வராத நாளில், நெஞ்சில் உள்ள பாடலை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு அவர் அருகில் அமர்ந்திருப்பதும் நட்பின் கடமைகளுள் ஒன்று.